தேரன்னைக்குக் கோர்ட்டு உண்டு

"வாய்தா நம்மளத் தேடி வரும், கெடுவ நாமதான்..." அதுக்குப் பொறவு என்னமோ ஒண்ணு உண்டு வே, மறந்து போச்சு. எங்க பெரியப்பா சொல்லுவாரு. அவரும் வக்கீல் குமாஸ்தாதான். வெத்தலைய வாயில அதக்கிக்கிட்டே பேசுவாரா, பாதி வார்த்தை சாறோட உள்ள போயிரும். வெளிய வந்த பாதிய நான் கேட்டுக்கிட்டேன். இப்பம் எனக்குத் தேவைப்படுதது உள்ள போன பாதி.

சரி, அத விடும். செத்த நகந்து உக்காரும், நானும் உக்காருதேன். இந்தச் சவத்துக் காத்து... ஆடி பொறந்தாலும் பொறந்துச்சு, பாளையங்கோட்டையில ஒரு தாளு ஒரு எடத்துல நிக்கமாட்டேங்கு. அந்தக் கல்லத் தூக்கி மேல வையும். நீருதான பிச்சைக்கண்ணு, ஏரல்காரரு? வந்து ரெண்டு மாசம் இருக்குமா? இந்த மரத்தடியில உமக்கு முந்தி இருந்த மனு எழுத்துக்காரன் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். உம்ம எழுத்து நல்லா இருக்குன்னாங்க. பாப்போம்.

நான் ஏன் எழுதலன்னு பாக்கீரா? இந்தா, கையப் பாரும். கட்டு. முப்பது வருசமா இந்தக் கை எழுதின எழுத்த இதே ஜில்லா கோர்ட்டுல ஒரு ஜட்ஜு துரை கண்ணாடியக் கழத்தி வச்சிட்டு வாசிச்சாரு வே. அவ்வளவு தெளிவு. இன்னைக்குப் பேனாவப் பிடிக்க முடியல. என்ன ஆச்சா? கஞ்சி கொட்டிட்டு. சோறு வடிக்கும்போது. ஏன், ஆம்பள கஞ்சி வடிக்கக் கூடாதா? எங்க வீட்டுல நீலாம்பாள் சேரன்மகாதேவிக்குப் போயிருக்கா, பொறந்த வீட்டுக்கு. அவ அங்கன போனா எனக்கு இங்கன கஞ்சிதான். சரி, எழுதும்.

"திருநெல்வேலி ஜில்லா கோர்ட்டார் சமூகத்துக்கு. வக்கீல் சங்கரசுப்பிரமணிய பிள்ளை அவர்களின் குமாஸ்தாவும், நாற்பத்தெட்டு வயதுள்ளவனுமாகிய சிவசைலம் பிள்ளை சத்தியமாய்ச் சொல்லிக்கொள்ளுவது என்னவென்றால்..."

நிறுத்தும். "சத்தியமாய்"ங்கத இப்பம் போடாதீரும். எடம் விட்டு வையும். பொறவு பாத்துக்கிடுவோம்.

பதினோரு மணிக்குத் துரை வந்து உக்காந்துருவாரு. அதுக்குள்ள இந்த அப்பிடவிட்டு, இந்தச் சத்தியக் கடுதாசி, உள்ள போவணும். ஒரு அப்பீலு ஒரே ஒரு நாள் பிந்திப் போச்சு. ஏன் பிந்துச்சுன்னு நியாயம் சொன்னா ஏத்துக்கிட்டாலும் ஏத்துக்கிடுவாரு. சொல்லலன்னா தள்ளுபடி. அவ்வளவுதான் விசயம். ஒரு நாள் வே. கோழி அடகாக்க இருவத்தொரு நாளு, அதுல ஒரு நாள் கூடக்கொறைய ஆனா குஞ்சு பொரிக்காமலா போவுது?

யாரு கேசுன்னு கேக்கமாட்டீரா? கேக்கலன்னாலும் சொல்லணும். தெரியாம எழுதினா எழுத்துல உசுரு இருக்காது. அந்தா, கெணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு குத்தவச்சு இருக்கானே, பக்கத்துல ஒரு பொம்பள முக்காடு போட்டுக்கிட்டு. பைய பாரும், அவன் பாத்துரப் போறான். அவன்தான் காஜா முகைதீன். மேலப்பாளையத்துல தறி போட்டிருக்கான். அவ அவன் வீட்டுக்காரி மைதீன் பாத்திமா. கேசுல அவன் வாதி. பிரதிவாதி யாரு தெரியுமா? இந்தியா மந்திரி. லண்டன்ல இருக்காராம். மேலப்பாளையம் காஜா முகைதீன் வாதி, லண்டன்ல இருக்க இந்தியா மந்திரி பிரதிவாதி. கவர்மெண்டு மேல கேசுன்னா அப்படித்தான் எழுதணும். நான்தான் எழுதினேன். எழுதி முடிச்சிட்டு அந்தத் தாள ரெண்டு நாள் பெட்டியில வைக்காம மேசை மேலயே வச்சிருந்தேன், வாரவன் போறவன் பாக்கட்டும்னு.

டவுன்ல அந்தப் பெரிய சுதேசிக் கலகம் நடந்துச்சே, நீரு ஏரல்ல இருந்திருப்பீரு, அங்கயும் சத்தம் கேட்டிருக்கும். தீ வச்சவன் எல்லாம் ஆத்துல குளிச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டான். இவன் தலையில நூல்மூட்டையோட டவுனுக்கு வந்தவன். தெருவுல நிண்ணவன எல்லாம் அள்ளினாங்க, மூட்டையோட இவனையும் அள்ளினாங்க. தண்டனை போட்டாங்க. மேல்கோர்ட்டுக்குப் போனதுல, இருந்தது போதும், போன வருசம் வைகாசி அஞ்சாந் தேதி ஆள விட்டுரணும்னு உத்தரவு வந்துட்டு.

உத்தரவு வந்துட்டு. ஆளு வரல.

எந்த ஜெயிலுன்னு கேக்காதீரும். தூரமா ஒரு ஜெயிலு. சொன்னா என் மேலயும் ஒரு கேசு வரும். அங்க அந்த உத்தரவு எந்தப் பெட்டிக்கு அடியில கெடந்துச்சோ, எவன் அதுக்கு மேல செம்ப வச்சுத் தண்ணி குடிச்சானோ... நாப்பத்தேழு நாளு வே. ஆனி இருவதுலதான் ஒருத்தன் கண்ணுல பட்டிருக்கு. பட்டவனுக்கு வேர்த்திருக்கும். என்ன செஞ்சான்? ரிஜிஸ்தர எடுத்தான், "வைகாசி அஞ்சாந் தேதி விடுதலை"ன்னு எழுதினான், இவனக் கழுத்தப் பிடிச்சு வெளிய விட்டான். முடிஞ்சது சோலி. புஸ்தகத்துப்படி காஜா முகைதீன் நாப்பத்தேழு நாளா ஊரச் சுத்திக்கிட்டு இருக்கான். உள்ள களி தின்னது எவனோ.

போய்த் தொலையுது, வெளிய வந்துட்டான்லா, தறியில உக்கார வேண்டியதுதானன்னு நீரு நினைப்பீரு. நானும் நினைச்சேன். இந்த நாப்பத்தேழு நாளுக்கு நடுவுல, வைகாசி இருவத்தெட்டுல, அவன் உம்மா ஆசியா உம்மாள் மவுத்தாயிட்டா. ரொம்ப நாளாப் படுக்கையில கெடந்தவ. "காஜா வந்துட்டானா, காஜா வந்துட்டானா"ன்னு வாசலப் பாத்துக்கிட்டே கெடந்திருக்கா. அஞ்சாந் தேதி விட்டுருவாங்கன்னு வக்கீல் கடுதாசி முன்னமே வீட்டுக்குப் போயிருக்கு பாரும். அவன் அண்ணன் முகம்மது மைதீன் அந்தக் கடுதாசிய மடியில வச்சிக்கிட்டு ரயிலுக்கு ரயிலு ஸ்டேஷன்ல போயி நிண்ணிருக்கான். இவன் வரல. உம்மாவ அடக்கம் பண்ணிட்டாங்க. மண்ணு போட இவன் இல்ல.

பொறவு ஆனியில இவன் வாரான். அண்ணன் கேக்கான், "எங்கலே இருந்த?" இவன் "உள்ள இருந்தேன்"ங்கான். அண்ணன் ஜெயிலுக்கே எழுதிக் கேட்டான். சும்மா சொல்லக் கூடாது, பதில் வந்துச்சு. வைகாசி அஞ்சே விட்டாச்சுன்னு சீல் குத்தி வந்துச்சு. அன்னையில இருந்து அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை கிடையாது. ஊருலயும் அப்படித்தான். உம்மா சாவக் கெடக்கும்போது இவன் எங்கயோ கூத்தடிச்சிட்டு இருந்தான்னு பேச்சு. ஜமாத்துல முன்வரிசையில நிண்ண ஆளு, இப்பம் கடைசித் தூணு ஓரமா நிக்கான். இவனுக்கு நஷ்டஈடு கிஷ்டஈடு எதுவும் வேணாம் வே. "நான் அன்னைக்கு உள்ள இருந்தேன்னு கோர்ட்டு ஒரு வரி எழுதித் தரட்டும் பிள்ளைவாள், அதக் கொண்டு போயி எங்க அண்ணன் முன்னால வைக்கணும்"னான். அதுக்குத்தான் கேசு.

சாட்சி இருக்கான்னு கேளும். இருக்கு. நாப்பதாவது நாளு இவனுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, ஜெயில் ஆஸ்பத்திரியில குயினைன் கொடுத்திருக்கான். ஆஸ்பத்திரிப் புஸ்தகம் வேற, ரிஜிஸ்தர் வேற. ரிஜிஸ்தருல பொய் எழுதினவனுக்கு ஆஸ்பத்திரிப் புஸ்தக ஞாவகம் வரல. நாப்பது நாளைக்கு முந்தி வெளிய விட்ட ஆளுக்கு எப்படி வே உள்ள குயினைன் கொடுத்தான்? சாளரம் வழியா எறிஞ்சானா? அந்தப் புஸ்தகத்த வரவழைங்கய்யான்னு எங்க வக்கீல் கீழ்க்கோர்ட்டு முனிசீப்புகிட்ட கேட்டாரு. முனிசீப்பு, ரிஜிஸ்தரே போதும்னுட்டாரு. கேசு போச்சு. அப்பீல்ல அந்தப் புஸ்தகத்த வரவழைக்கலாம். அதுக்கு அப்பீல் உள்ள போவணும். முப்பது நாள் கெடு. முப்பத்தோராவது நாள் போட்டிருக்கு.

கவர்மெண்டு நாப்பத்தேழு நாள் பிந்துச்சு, அதுக்குப் பேரு ஆபீசு நடைமுறை. நாங்க ஒரு நாள் பிந்தினோம், அதுக்குப் பேரு தள்ளுபடி. அதையும் எழுதிரலாமா? வேண்டாம், துரைக்குக் கோவம் வரும்.

கவர்மெண்டு மேல கேசு போடணும்னா ரெண்டு மாசத்துக்கு முந்தியே நோட்டீசு கொடுக்கணும், தெரியும்லா? எதுக்கு? கவர்மெண்டு யோசிச்சுப் பாக்கதுக்கு. எங்க வீட்டு எருமையும் அப்படித்தான். ராத்திரி பூரா அசை போடும், விடிஞ்சு பாத்தா சாணிதான் இருக்கும். ஒரு பதிலும் வராது. ஆனா நம்ம ரெண்டு மாசம் காத்துக் கெடக்கணும். கெடு எல்லாம் நமக்குத்தான் வே. அவங்களுக்கு எல்லாம் வாய்தா.

அந்தக் கலகத்துல உள்ள போயி வெளிய வந்தவன் எத்தனை பேரு எங்க ஆபீசுக்கு வந்தான்னு நினைக்கீரு? அதுல கெடுவத் தவறவிட்டவன் கதைய மட்டும் சொன்னா இன்னைக்குப் பொழுது போயிரும். மாரிக்கண்ணுன்னு ஒருத்தன், சுண்ணாம்புக் காளவாசல்ல சோலி பாக்குதவன். வெளிய வந்த நாள்ல இருந்து ஒரு வருசத்துக்குள்ள கேசு போடணும். இவன் எங்கருந்து எண்ணினான்? கால்ல வெலங்குப் புண்ணு ஆறுன நாள்ல இருந்து எண்ணியிருக்கான். "அன்னைக்குத்தான பிள்ளைவாள் எனக்கு விடுதலை"ங்கான். கேட்டா நியாயமாத்தான் இருக்கு. சட்டத்துல புண்ணுக்குக் கணக்கு இல்ல. இன்னொருத்தன், ஆடியில நல்ல காரியம் ஆரம்பிக்கக் கூடாதுன்னு ஆவணிக்குத் தள்ளி வச்சான். இந்தியா மந்திரி மேல கேசு போடுதது நல்ல காரியமாம். அவங்களப் பாத்து நான் சிரிச்சிருக்கேன் வே. மூஞ்சிக்கு நேராச் சிரிச்சிருக்கேன்.

சரி, சரி, எழுதுவோம். நேரம் ஆவுது.

மொதல்ல எங்க வக்கீல் ஒரு வழி சொன்னாரு. கெடு நாளன்னைக்குக் காஜாவுக்குக் காய்ச்சல், எந்திரிக்க முடியல, வந்து வக்காலத்துல கையெழுத்துப் போடல, அதனால பிந்துச்சுன்னு அவன் பேருல ஒரு அப்பிடவிட்டு. ஊருல எல்லாப் பயலுக்கும் கெடு நாளன்னைக்குத்தான் காய்ச்சல் வரும், துரைக்கும் அது தெரியும், ஒண்ணும் கேக்கமாட்டாரு. நானே சொல்லி எழுத வச்சு, நேத்தைக்கு மேலப்பாளையத்துக்குக் கொண்டு போனேன். போடமாட்டேன்னுட்டான். "எனக்குக் காய்ச்சல் வரலையே பிள்ளைவாள்"ங்கான். வந்ததா வச்சுக்கிடும்னேன். தறியில இருந்து எந்திரிக்காமலே சொல்லுதான், "ஏற்கெனவே ஒரு புஸ்தகம் என்னயப் பத்திப் பொய் சொல்லுது. நானும் ஒண்ணு எழுதணுமா?"

இப்படி ஒரு உத்தமன வச்சிக்கிட்டு ஒரு குமாஸ்தா பொழைக்க முடியுமா? சொல்லும். கட்சிக்காரன்னா கொஞ்சம் பொய்ய வீட்டுல இருந்தே கட்டிக் கொண்டாரணும். இவன் வெறுங்கைய வீசிட்டு வாரான்.

அவ இருக்காளே, மைதீன் பாத்திமா, அவ அதுக்கு மேல. கதவு மறைவுல நிண்ணுக்கிட்டு, "கையில என்ன பிள்ளைவாள்"னா. கஞ்சின்னேன். உள்ள போயி ஒரு கொட்டாங்கச்சியில தேன் கொண்டாந்து வச்சுட்டு, "தடவுங்க, தழும்பு விழாது"ங்கா. பொறவு கேக்கா, "அப்பீலு உள்ள போயிட்டுல்லா?" நான் தேனத் தடவிக்கிட்டே தலைய ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன்னு எனக்கே தெரியல. நல்ல தேனு.

எழுதும். நானே சொல்லுதேன், என் பேருலயே. "மேற்படி அப்பீலைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசி நாள், நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்ட நாளாக இருந்தது. அன்று கோர்ட்டுக்கு விடுமுறை என்று நான் நல்லெண்ணத்துடன் நம்பியதால்..."

"நல்லெண்ணத்துடன்"ங்கதுக்குக் கீழ ஒரு கோடு போடும். அதுதான் உசுரு.

பொய் இல்ல வே, கேளும். முப்பது வருசமா தேரன்னைக்குக் கோர்ட்டு கிடையாது. எழுதி வச்ச உத்தரவுன்னு ஒண்ணும் கிடையாது, நடப்பு அப்படி. வக்கீல் எல்லாம் டவுன்லதான் இருப்பாரு, கட்சிக்காரன் எல்லாம் டவுன்லதான் இருப்பான், துரை மட்டும் இங்க வந்து யாரக் கூப்பிடுவாரு? அதனால அன்னைக்குக் கதவடைப்பு. கெடு நாள் தேரன்னைக்கு வந்தா மறுநாள் போட்டுக்கிடலாம், லீவு நாள் கழிவு. நானே எத்தனையோ போட்டிருக்கேன். இந்த வருசம் புதுத் துரை வந்தாரு. தேருக்கு லீவுன்னு எதுல போட்டிருக்குன்னு கேட்டாராம். எவன் போயிக் காட்டுவான்? அப்படின்னா கோர்ட்டு உண்டுன்னு எழுதி, அந்தா, அந்த நோட்டீசுப் பலகையில ஒட்டியிருக்காங்க. இங்கிலீசுல ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு. எனக்கு ரெண்டும் வாசிக்கத் தெரியும். ரெண்டையும் வாசிக்கல. முப்பது வருசமா இந்தக் காம்பவுண்டுக்குள்ள வாரவன் வே நான், பலகையப் போயிப் பாக்கவா? பலகைதான் என்னயப் பாக்கணும்.

ஏன் அதுக்கு முந்தின நாளே போடலன்னு கேக்கீரா? காயிதம் எல்லாம் தயாரு. வக்கீல் கையெழுத்தோட என் வீட்டு அலமாரியில இருந்துச்சு. ஆனா கடைசி நாள் போடுததுதான் குமாஸ்தாவுக்கு லெச்சணம். முந்தியே போட்டா வேற சோலி இல்லாத ஆபீசுன்னு நினைப்பான்.

அன்னைக்கு நான் தேரு இழுக்கப் போயிட்டேன். ஆமா. கையி... கஞ்சி இல்ல, வடம். தேங்காநார் வடம் இழுத்ததுல தோலு உரிஞ்சு போச்சு. போதுமா? இத ஏன் மறைச்சேன்னா... எங்க வக்கீல் காதுக்கு எட்டினா, கோர்ட்டு சோலியப் பாக்காம தேரு இழுக்கப் போனான்னு ஒரு பேச்சு வரும், அதான். லீவு நாள்ல தேரு இழுத்தா என்ன குத்தம்? நெல்லையப்பர் தேரு என்ன சப்பரமா, நாலு பேரு தூக்கிட்டுப் போவ? ஊரு கூடி இழுத்தாத்தான் அச்சு அசையும். முதல் வடத்துல முன்னால இருந்து மூணாவது கையி என் கையி. பதினோரு வருசமா.

எங்க விட்டேன்? "நம்பியதால்." அதுக்கு மேல எழுதும். "நம்பியதால் மறுநாள் தாக்கல் செய்தேன். இதில் எனக்கு வேறு உள்நோக்கம்..."

ஏன் வே பேனாவ வச்சுட்டீரு?

மை தீந்து போச்சா? கூடு நெறைய இருக்கே. பொறவு என்ன? என்னய ஏன் அப்படிப் பாக்கீரு?

ஓ. கருத்தையா.

கோர்ட்டு அமீனா கருத்தையா உம்மகிட்டதான் காலையில பொடி வாங்கிப் போட வருவானோ. வருவான், வருவான். பொடி ஒரு சிட்டிகை போடுவான், விசயம் ஒரு படி சொல்லுவான். என்ன சொன்னான்? நீரு சொல்லமாட்டீரு. சொல்லாம உக்காந்திருக்கதே நாலு பக்கம் சொன்ன மாதிரி இருக்கு வே. உம்ம மாதிரி ஒரு ஆளு முனிசீப்பா இருந்திருந்தா இந்த அப்பீலே வந்திருக்காது.

சரி, அவன் சொன்னதுதான். நெசம்தான். நானே சொல்லுதேன், அவன் சொன்னா மூக்குப்பொடியச் சேத்துச் சொல்லுவான்.

அன்னைக்குப் பகல் பன்னெண்டு மணி இருக்கும். தேரு தெற்கு ரத வீதி முக்குல மாட்டிக்கிட்டு. சக்கரத்துக்கு அடியில கட்டையப் போடுதவன் ஒரு பக்கம் கத்துதான், நெம்பு போடுதவன் ஒரு பக்கம் கத்துதான், தேரு அசையல. வெயிலு. அந்தக் கூட்டத்துக்குள்ள முண்டிக்கிட்டு வந்து என் காதுல சொன்னான் கருத்தையா. "பிள்ளைவாள், கோர்ட்டு நடக்கு. துரை உக்காந்திருக்காரு. உங்க ஆபீசு அப்பீலு ஒண்ணு இன்னைக்குக் கெடுன்னீங்களே." சம்மன் கொடுக்க டவுனுக்கு வந்தவன், என் மேல உள்ள பிரியத்துல தேடிக் கண்டுபிடிச்சுச் சொல்லுதான். அவனுக்கு என்ன தலையெழுத்தா?

அங்கருந்து என் வீடு ரெண்டு தெரு. அலமாரியில காயிதம். பாலத்தத் தாண்டி, வண்ணாரப்பேட்டை வழியா இங்கன வந்து சேர ஒண்ணரை மணி நேரம், பைய நடந்தா ரெண்டு. கோர்ட்டு சாயங்காலம் வரைக்கும் உண்டு. நான் நொண்டியா இருந்தாலும் வந்திருக்கலாம்.

வடத்த விடணும்லா.

பதினோரு வருசத்துக்கு முந்தி, எனக்கு முன்னால அந்த எடத்துல நிண்ண ஆளு செத்த பொறவுதான் எனக்கு அது கிடைச்சுச்சு. அதுக்கும் ஒம்பது வருசம் நான் நடுவுல நிண்ணு அவரு முதுகப் பாத்துக்கிட்டே இழுத்தவன். இருமுவாரு, அடுத்த வருசம் இருக்கமாட்டாருன்னு நினைப்பேன். இருந்துருவாரு. இப்பம் எனக்குப் பின்னால ஒருத்தன் நிக்கான், மளிகைக் கடைக்காரன், முப்பது வயசு. நான் தும்முனாலே ஒரு அடி முன்னால வாரான். நான் கைய எடுத்தா அவன் கைய வச்சிருவான். தேரு முக்குல மாட்டி நிக்கும்போது ஒருத்தன் வடத்த விட்டுட்டுப் போனான்னா, அவனுக்கு அடுத்த வருசம் அந்த எடம் கிடையாது. யாரும் சொல்லமாட்டாங்க. அவனே போயி நடுவுல நிண்ணுக்கிடணும்.

கருத்தையாகிட்ட சொன்னேன், "இந்தா, தேரு முக்கு திரும்பட்டும், வாரேன்." ரெண்டு தடவை சொன்னான். போயிட்டான். தேரு நாலு மணிக்குத் திரும்புச்சு. திரும்பின பொறவு போனனா? நாலு மணிக்கு மேல போயி என்ன பிரயோசனம்னு தோணுச்சு. பானகம் குடிச்சேன். ரெண்டு செம்பு.

மறுநாள் வந்து போட்டேன். அங்க இருந்த குமாஸ்தா தேதி முத்திரையக் குத்திட்டு என்னய நிமிந்து பாத்தான். லீவுன்னு நினைச்சுட்டேன்னு சொன்னேன். எங்க வக்கீல்கிட்டயும் அதையே சொன்னேன். அவரு நம்பினாரு. என்னய நம்பாம வேற யார நம்புவாரு, முப்பது வருசம். அந்தப் பாவி மனுசன்தான் என்னயக் காப்பாத்த காஜாவுக்குக் காய்ச்சல் வர வச்சாரு.

இப்பம் நீரு என்ன நினைக்கீருன்னு தெரியுது. இந்த "நல்லெண்ணத்துடன் நம்பியதால்"ங்கத இப்படியே உள்ள கொடுத்தா என்னன்னு நானும் ராத்திரி பூரா நினைச்சேன். சர்க்கார் வக்கீல் கருத்தையாவக் கூண்டுல ஏத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாப் போதும். அவன் பொய் சொல்லமாட்டான், சொன்னா வேலை போயிரும், அதோட அவனுக்குப் பொய் சொல்ல வராது. அப்பம் என்ன ஆவும்? குமாஸ்தா பொய்க்காரன். குமாஸ்தா பொய்க்காரன்னா கட்சிக்காரனும் பொய்க்காரன். மிச்சம் இருக்கது அந்த ரிஜிஸ்தர் ஒண்ணுதான் நெசம். ஆஸ்பத்திரிப் புஸ்தகத்த எவனும் தொறக்கமாட்டான். காஜா சாவுத வரைக்கும் வைகாசி அஞ்சாந் தேதியே வெளிய வந்தவன்தான், உம்மா மையத்துக்கு வராதவன்தான். அண்ணன்காரன் செத்தாலும் இவன மண்ணு போட விடமாட்டாங்க.

உள்ளத உள்ளபடி எழுதினா? எங்க வக்கீல் இன்னைக்கே என் கணக்க முடிச்சு வெளிய அனுப்பிருவாரு. துரை, இந்த ஆளு இனிமே இந்தக் காம்பவுண்டுக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னுருவாரு. அப்பவும் அப்பீல எடுத்துக்கிடுவாருன்னு நிச்சயம் கிடையாது. கட்சிக்காரன் மேல குத்தம் இல்ல, குமாஸ்தா பண்ணின அயோக்கியத்தனம்னு பட்டா, எடுத்துக்கிட்டாலும் எடுத்துக்கிடுவாரு. அவ்வளவுதான். அதோட இது உள்ள தமிழ்லதான வாசிப்பாங்க. காஜா கேட்டுக்கிட்டு நிப்பான். அவளும் நிப்பா, வாசப்படிக்கு வெளிய. அவ காதுல விழாம எப்படி வாசிப்பான்? கோர்ட்டுல கூவுத அந்த டபேதாருக்கு ஊருக்கே கேக்குத தொண்டை.

எனக்கு நாப்பத்தெட்டு வயசு வே. வேற ஒரு சோலியும் தெரியாது. எருமை ஒண்ணு இருக்கு. அது என்னயக் கண்டா முட்டும்.

இல்ல, நீரு ஒண்ணும் சொல்ல வேண்டாம். உம்மகிட்ட யோசனையா கேட்டேன்? நீரு எழுத்துக்காரரு, எழுதுதது உம்ம சோலி. எனக்குக் கையி நல்லா இருந்திருந்தா நானே எழுதியிருப்பேன், "நல்லெண்ணத்துடன்"னு முத்து முத்தா எழுதி, உள்ள கொடுத்துட்டுப் போயிருப்பேன். வாயால சொல்லி இன்னொருத்தன எழுத வைக்கும்போதுதான் அது என்னன்னு காதுல விழுது. இது ஒரு தொந்தரவு.

டபேதார் தலப்பாவக் கட்டிட்டான். வண்டிச் சத்தம் கேக்கு, துரை வந்துட்டாரு போல. அந்தா பாரும், காஜா எந்திரிச்சிட்டான். இங்கதான் பாக்கான். சலாம் வேற வைக்கான். இரும், வாரேன்னு அவனுக்குக் கையக் காட்டும், நீராவது காட்டும்.

அந்தத் தாள இங்க கொண்டாரும். இந்தா, கிழிச்சாச்சு. காத்துல போவட்டும், விடும். புதுத் தாளு எடும். தலைப்பெல்லாம் பழையபடி போட்டுக்கிடும், அது உமக்குத் தெரியும். சத்தியமாய்ங்கதுக்கு எடம் விட வேண்டாம், போட்டுரும். அதுக்குக் கீழ எழுதும். வெரசா வேண்டாம், தெளிவா எழுதும்.

"தேரோட்ட நாளன்று கோர்ட்டு நடக்கிறது என்று, அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு, அமீனா கருத்தையா தெற்கு ரத வீதியில் என்னிடம் நேரில் வந்து சொன்னான். அன்றே கடைசி நாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்பீல் காகிதங்கள் என் வீட்டில் தயாராக இருந்தன. நான் வடத்தை விட்டுப் போகவில்லை. என் வக்கீலிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. அப்பீல்காரர் காஜா முகைதீனுக்கு இதில் ஒன்றும் தெரியாது."